கதை எப்படி இருந்தது?

டில்லியில் ஒரு சிறிய நூலகம். மாலை ஐந்து மணி. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். பதினைந்து வயதுப் பையன் ஒருவன் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிறான்.

நூலகர் புத்தகத்தை வாங்குகிறார். தேதியைப் பார்க்கிறார். "கதை எல்லாம் எப்படி இருந்தது தம்பி?" என்று கேட்கிறார்.

"நல்லா இருந்தது சார்." பையன் தரையைப் பார்க்கிறான். பரீட்சையில் கேள்வி கேட்டது போல அவனுக்குப் பயம்.

நூலகருக்கு அது புரிகிறது. "எனக்கு முதல் கதை பிடிக்கவில்லை. பாதியில் விட்டுவிட்டேன்" என்கிறார்.

பையன் நிமிர்ந்து பார்க்கிறான். நூலகருக்கே பிடிக்காத கதை உண்டா?

"அப்படியானால் நானும் ஒன்று சொல்கிறேன் சார். ஈத்கா கதை நடக்காத கதை" என்கிறான்.

மூன்று பேர், மூன்று கருத்து

ஈத்கா, பிரேம்சந்த் எழுதிய கதை. பிரேம்சந்த் 1880 முதல் 1936 வரை வாழ்ந்தவர். இந்தியிலும் உருதுவிலும் எழுதியவர்.

கதையில் ஹமீது என்று ஒரு சின்னப் பையன் வருகிறான். அவனுக்குத் தாய் தகப்பன் இல்லை. பாட்டி அமீனாதான் வளர்க்கிறாள். ஈத் பெருநாள் சந்தைக்கு ஹமீது போகிறான். அவனிடம் மூன்று பைசாதான் இருக்கிறது. மற்றப் பிள்ளைகள் மண் பொம்மையும் மிட்டாயும் வாங்குகிறார்கள். ஹமீது இரும்பு இடுக்கி வாங்குகிறான். ரொட்டி சுடும்போது பாட்டியின் விரல் சுடுகிறது. அதற்காகத்தான் வாங்குகிறான்.

"சின்னப் பிள்ளை மிட்டாயைத்தான் வாங்கும். என் தம்பி அப்படித்தான்" என்கிறான் பையன்.

பக்கத்தில் ஒரு பெண் நிற்கிறாள். அவளுக்கும் அதே வயது. அவள் தன் விரலைக் காட்டுகிறாள். அதில் சூட்டுத் தழும்பு இருக்கிறது.

"நான் ஏழு வயதிலேயே ரொட்டி சுட்டேன். சூடு பட்டால்தான் தெரியும். ஹமீது அதைத் தினமும் பார்த்தவன்" என்கிறாள்.

பையன் யோசிக்கிறான். "ஆனாலும் மிட்டாய்க்கு ஆசைப்பட்டானே?"

"ஆசை இருந்தது. இருந்தும் இடுக்கி வாங்கினான். அதனால்தான் எனக்குக் கதை பிடித்தது."

நூலகர் சொல்கிறார்: "சின்ன வயதில் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்போது பாட்டியின் அழுகைதான் நினைவுக்கு வருகிறது. அந்தப் பிள்ளை பிள்ளையாக இருக்க முடியவில்லையே!"

யாரும் தோற்கவில்லை. யாரும் ஜெயிக்கவும் இல்லை. ஒரே கதையை மூன்று பேரும் மூன்று விதமாகப் பார்த்தார்கள். "பிடித்தது", "பிடிக்கவில்லை" என்பதோடு அவர்கள் நிறுத்தவில்லை. ஏன் என்றும் சொன்னார்கள். காரணம் சொன்னால்தான் அது கருத்து.

பாட்டும் அப்படித்தான்

இன்னொரு நாள் அதே பையன் செல்பேசியில் சினிமாப் பாட்டுக் கேட்கிறான். நூலகத்தில் உதவியாளராக ஒரு பெண் இருக்கிறார். பிள்ளைகள் அவரைத் 'தீதி' என்பார்கள். இந்தியில் அக்கா என்று பொருள்.

தீதி திட்டவில்லை. "எனக்கும் கொஞ்சம் கொடு. கேட்கிறேன்" என்கிறார். கேட்டுவிட்டு, "தாளம் நன்றாக இருக்கிறது. வார்த்தைதான் புரியவில்லை" என்கிறார்.

பிறகு அவருக்குப் பிடித்ததைச் சொல்கிறார். அது பிஸ்மில்லா கானின் ஷெனாய். ஷெனாய், நம் நாகசுரம் போன்ற ஊதும் வாத்தியம். ஆனால் அளவில் சிறியது.

"அது கல்யாண வீட்டுச் சத்தம் தீதி" என்று பையன் சிரிக்கிறான்.

"அவர் சினிமாவிலும் வாசித்திருக்கிறார். 1959-இல் வந்த 'கூஞ்ச் உட்டீ ஷெனாய்' படத்தில் கேட்டுப் பார்."

இரண்டு நாள் கழித்துப் பையன் வருகிறான். "முழுவதும் கேட்டேன். ஒரு பாட்டு பிடித்தது. மற்றது தூக்கம் வந்தது" என்கிறான். தீதியும் சிரிக்கிறார். அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் அவருக்குச் சந்தோஷம்.

நூலகம் எதற்காக?

நூலகம் புத்தகம் அடுக்கும் இடம் மட்டும் அல்ல. இதை நமக்குச் சொன்னவர் சீ. இரா. ரங்கநாதன். 1892-இல் சீர்காழியில் பிறந்தவர். கணக்கு ஆசிரியராக இருந்து நூலகர் ஆனவர். 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை எழுதினார். ஒவ்வொருவருக்கும் ஏற்ற புத்தகம் கிடைக்க வேண்டும் என்பது ஒரு விதி. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஏற்ற வாசகர் கிடைக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. இன்னாருக்கு எது பிடிக்கும் என்று எப்படித் தெரியும்? கேட்டால்தான் தெரியும்.

டில்லிப் பொது நூலகம் 1951-இல் தொடங்கியது. யுனெஸ்கோ அமைப்பும் இந்திய அரசும் சேர்ந்து தொடங்கின. பிரதமர் நேரு திறந்து வைத்தார். பழைய டில்லி ரயில் நிலையத்துக்கு எதிரே அது இருக்கிறது. அங்கே புத்தகம் கொடுத்ததோடு நிற்கவில்லை. கலந்து பேசும் குழு, நாடகக் குழு, இசைக் குழு எல்லாம் நடத்தினார்கள். புதிதாக எழுத்துக் கற்ற பெரியவர்களையும் வரவேற்றார்கள்.

அம்மா சொன்ன கருத்து

தழும்பு காட்டிய பெண்ணை அழைத்துப் போக ஒரு நாள் அவள் அம்மா வந்தார். அவர் எழுத்தறிவு வகுப்பில் படிக்கக் கற்றவர். வாசலிலேயே நின்றார்.

"உள்ளே வாருங்கள் அம்மா. நீங்களும் இந்தக் கதையைப் படியுங்கள். எப்படி இருந்தது என்று சொல்லுங்கள்" என்றார் நூலகர்.

"எனக்கு என்ன தெரியும் சார்? பிள்ளைகள் படித்தவர்கள்."

மகள் விடவில்லை. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போனாள். அம்மா நான்கு நாள் எழுத்துக் கூட்டிப் படித்தார். ஐந்தாம் நாள் நூலகத்துக்கு வந்தார்.

"இடுக்கிக்குக் கடைக்காரர் முதலில் ஆறு பைசா சொன்னார். பிறகு ஐந்து என்றார். கடைசியில் பிள்ளையைக் கூப்பிட்டு மூன்று பைசாவுக்குக் கொடுத்தார். அவர் மனசும் நல்ல மனசு. அவரைப் பற்றி நீங்கள் யாரும் பேசவில்லையே?"

நூலகர் ஒரு நிமிடம் பேசவில்லை. "இத்தனை முறை படித்தேன். இதை நான் கவனிக்கவே இல்லை அம்மா" என்றார்.

அம்மா தினமும் சந்தையில் விலை பேசிப் பொருள் வாங்குபவர். அதனால் அவர் கண்ணில் அது பட்டது. நம் வாழ்க்கையில் கண்டதை வைத்துத்தான் நாம் படிக்கிறோம். மெதுவாகப் படிப்பவருக்கும் கருத்து உண்டு. அதைச் சொன்னால் மற்றவர்களும் கற்றுக்கொள்வார்கள்.

பேசிப் பார்ப்போம்

1. ஹமீது இடுக்கி வாங்கியது சரியா? ஏன்?
2. உங்களுக்குப் பிடித்த பாட்டு எது? உங்கள் பிள்ளைக்குப் பிடித்த பாட்டு எது? இருவரும் ஒருவர் பாட்டை ஒருவர் கேளுங்கள்.
3. உங்கள் ஊரில் நூலகம் எங்கே இருக்கிறது? யாரோடு போவீர்கள்?

எழுதிப் பார்ப்போம்

நீங்கள் படித்த ஒரு கதையின் பெயரை எழுதுங்கள். "எனக்கு இது பிடித்தது, ஏனென்றால்..." அல்லது "எனக்கு இது பிடிக்கவில்லை, ஏனென்றால்..." என்று தொடங்கி இரண்டு வரி எழுதுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.