கடைசி வேலை நாளுக்கு மறுநாள்

அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கிளெய்ம் மென்பொருளை 11 வருடம் சோதித்துக் கொடுத்தவன் நான். பழைய மகாபலிபுரம் சாலையில் ஏழாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, ஒஹையோவில் யாருக்கோ உடைந்த கணுக்காலுக்குப் பணம் போகுமா போகாதா என்று பார்ப்பதுதான் வேலை. அதில் நானே எழுதிய டெஸ்ட் கேஸ் ஒன்று உண்டு. ஊழியர் வேலையை விட்ட நாளுக்கு மறுநாள் தேதியில் ஒரு ஆஸ்பத்திரி பில் வந்தால் மென்பொருள் அதை நிராகரிக்க வேண்டும். நிராகரித்தால் 'பாஸ்'. எத்தனை முறை ஓட்டிப் பார்த்துப் பச்சை டிக் போட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை.

2022 ஜூலை 29 எனக்குக் கடைசி வேலை நாள். ஊரில் எண்ணெய்ச் செக்கு வைப்பதற்காக விட்டேன். செப்டம்பர் 6 விடியற்காலை அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். 39-வது நாள்.

வேலையை விட்டுவிட்டு மனசுக்குப் பிடித்ததைச் செய்யப் போகிறேன் என்று என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் செக்கு விலையையும் மாத வருமானத்தையும்தான் கேட்கிறார்கள். அதையும் சொல்கிறேன். முதலில் இதைக் கேளுங்கள்.

அப்பாவும் அம்மாவும் கம்பெனியின் குழுக் காப்பீட்டில் இருந்தார்கள், 5 லட்சத்துக்கு. அப்பாவுக்கு 14 வருடச் சர்க்கரை. குழுக் காப்பீட்டில் அதை யாரும் கேட்கவில்லை. சேர்ந்த நாளிலிருந்தே எல்லா நோய்க்கும் உண்டு. உங்கள் அப்பாவுக்கும் சுகர் இருக்கும். நம் வயதில் யார் அப்பாவுக்கு இல்லை? அந்தக் காப்பீடு நான் அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்த அன்று இரவோடு முடிந்துவிட்டது. கிராஜுவிட்டி எவ்வளவு, பிஎஃப் எவ்வளவு, விடுப்புக்கு எவ்வளவு என்று ஒரு எக்செல் முழுக்கப் போட்டு வைத்திருந்தேன். கம்பெனி சத்தமில்லாமல் கட்டிக்கொண்டிருந்த பிரீமியத்துக்கு அதில் ஒரு வரி இல்லை. சம்பளச் சீட்டில் வராதது என் கண்ணில் படவில்லை.

கோவையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. இரண்டு ஸ்டென்ட். ஸ்டென்ட் விலைக்கு 2017-லேயே மத்திய அரசு உச்சவரம்பு வைத்துவிட்டது, அதனால் பில்லில் அது சின்னத் தொகைதான். மற்ற வரிகள்தான் நீளம். மொத்தம் 4,37,000 ரூபாய். கவுண்டரில் இருந்த பெண் "இன்சூரன்ஸ் இருக்குங்களா சார்?" என்று கேட்டபோது, பழக்கத்தில் பர்ஸைத் திறந்து பழைய கார்டை எடுத்து நீட்டினேன். அவர் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கார்டைத் திருப்பித் தந்தார். என் டெஸ்ட் கேஸ் சரியாக வேலை செய்தது.

இதில் என்னைக் கொல்வது பணம்கூட இல்லை. வழி இருந்தது. குழுக் காப்பீட்டிலிருந்து வெளியேறும்போது அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பிக்கலாம். அவர்கள் ஏற்றுக்கொண்டால், குழுவில் இருந்த வருடங்கள் காத்திருப்புக் காலத்தில் கழியும். வெளியேறும்போது வந்த மின்னஞ்சலில் ஏழு இணைப்புகள். நான்காவதில் இது இருந்தது. அது வந்த மாலை நான் எண்ணெய் பாட்டில் லேபிளுக்கு மஞ்சளில் எந்த மஞ்சள் என்று ஈரோட்டு அச்சகத்துக்காரரோடு வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருந்தேன். பிறகு படிக்கலாம் என்று விட்டேன். படித்தது ஆஸ்பத்திரி வராந்தாவில்.

மனிதவளத் துறையைக் குறை சொல்ல மாட்டேன் என்று பெருந்தன்மையாக எழுத ஆசைதான். ஆனால் 45 நிமிட விடைபெறும் நேர்காணலில் கேன்டீன் எப்படி, மேனேஜர் எப்படி, மறுபடி வருவீர்களா என்று கேட்டவர்கள், அப்பா அம்மா காப்பீடு என்னாகும் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. லேப்டாப் சார்ஜர் முனை வளைந்திருக்கிறது என்று 1,800 ரூபாய் பிடித்தார்கள். அது மட்டும் மறக்கவில்லை.

புதிதாக எடுக்கலாம் என்று அலைந்தபோது, ஏற்கெனவே உள்ள நோய்க்கு நான்கு வருடம் காத்திருப்பு என்றார்கள். 2024-ல் அந்த உச்ச வரம்பை மூன்று வருடமாக்கிவிட்டார்கள். 2025 செப்டம்பரிலிருந்து தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டியும் இல்லை. எனக்கு இல்லாத சலுகை உங்களுக்கு இருக்கிறது. ஆகவே ராஜினாமாக் கடிதம் எழுதுவதற்கு ஒரு வருடம் முன்பே பெற்றோருக்குத் தனியாக ஒரு பாலிசி எடுத்துவிடுங்கள். கம்பெனிக் காப்பீடு ஓடிக்கொண்டிருக்கும்போதே காத்திருப்புக் காலமும் ஓடட்டும். சர்க்கரையை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் நான் டெஸ்ட் கேஸ் எழுதியிருக்கிறேன்.

மற்ற காரியங்களுக்கு வருகிறேன். பிஎஃப் பணத்தை முழுதாக எடுக்க அப்போது இரண்டு மாதம் வேலையில்லாமல் இருக்க வேண்டியிருந்தது. பத்து வருடச் சேவை தாண்டியிருந்தால் பென்ஷன் பகுதியைக் கையில் தர மாட்டார்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு, 12 லட்சம் வரவுக்குள் என்றால் அப்போது வருடம் 100 ரூபாய்தான். மும்முனை மின்சாரத்துக்கு நடக்க வேண்டும், நடங்கள். 35 சதவீத மானியத்தோடு சிறு உணவுத் தொழிலுக்கு வங்கிக் கடன் தரும் மத்திய அரசுத் திட்டம் ஒன்று அப்போது இருந்தது. வங்கி மேலாளர் நான் செக்கு வைக்கவிருந்த மாட்டுக்கொட்டகையை வந்து பார்த்துவிட்டுப் போனார், போனவர்தான். இதெல்லாம் விசாரித்தால் யாரும் சொல்வார்கள். வாகை மரச் செக்கு, மூன்று குதிரைத்திறன் மோட்டாரோடு எனக்கு 1,90,000 ஆனது. இரும்பு எக்ஸ்பெல்லர் வாங்கியிருந்தால் இரண்டு மடங்கு வேகம் என்று இன்றும் சொல்கிறார்கள். சொல்லட்டும். எக்ஸ்பெல்லரில் அரைத்து பாட்டிலில் செக்குப் படம் ஒட்டுகிறவர்களை நம் ஊரிலேயே தெரியும்.

ஒன்றைச் சரியாகச் செய்தேன், அதைச் சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. கொரோனாவில் வீட்டிலிருந்து வேலை என்று சிவகிரிப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்திருந்தபோது, நான்கு மாதம் விடியற்காலையில் ஒரு பெரியவரின் செக்கில் போய் நின்றேன். எங்கள் பக்கம் எள்ளுக்குப் பேர் போனது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஏலம் நடக்கும். எள் வாங்கிவிடலாம். ஆட்டுவது வேறு. எள்ளைக் கொட்டி உலக்கை சுற்ற ஆரம்பித்ததும் பொடியாகும். கருப்பட்டி போட்டு, கை நிறையத் தண்ணீர் தெளிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் எண்ணெய் புண்ணாக்கோடே போய்விடும். கூடினால் கலங்கி, பத்து நாளில் சிக்கு வாடை. எவ்வளவு தண்ணீர் என்று நோட்டும் பேனாவுமாக நான் கேட்டேன். "அளவு கேக்காதீங்க தம்பி. வண்டல் கையில ஒட்டுதான்னு பாருங்க. ஒட்டுனா எச்சா ஊத்திட்டீங்க" என்றார். அன்றைக்கு ஒரு ஈடு முழுக்க என் கையால் கெட்டது, 12 கிலோ எள். பணம் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. "நானுங் கெடுத்துத்தான் படிச்சேன்" என்றார்.

ஆகவே சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே கெடுத்துப் பழகிவிடுங்கள். ஊரில் சும்மா கிடக்கிற கொட்டகையும், சொல்லிக்கொடுக்க ஒரு பெரியவரும் உங்களுக்கும் இருப்பார்கள். மேடையில் மைக் மாட்டிக்கொண்டு கனவைத் துரத்துங்கள் என்று பேசுகிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள். நான் 6,000 ரூபாய் கட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். பேசியவருக்குப் பேசுவதைத் தவிர வேறு தொழில் இருந்ததாகத் தெரியவில்லை.

வருமானம். நான் ஆரம்பித்த 2022 உக்ரைன் போர் தொடங்கிய வருடம். சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறிக் கிடந்தது. செக்கெண்ணெய்க்கும் அதற்கும் வித்தியாசம் குறைந்ததால் நிறையப் பேர் வந்தார்கள். என் லேபிளின் மஞ்சளைப் பார்த்து வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வருடம் அது இறங்கியதும் பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள். ஒரு லிட்டர் கடலெண்ணெய்க்கு இரண்டரைக் கிலோ பருப்பு வேண்டும். பருப்பு விலையை நீங்களே இரண்டரையால் பெருக்கிப் பாருங்கள், என்னிடம் விலை குறைக்கச் சொல்ல மாட்டீர்கள். புண்ணாக்கு விற்றுத்தான் கரண்ட் பில். முன்பு கைக்கு 1,10,000 வந்த இடத்தில் இப்போது நல்ல மாதம் 42,000. மனைவி தனியார் பள்ளியில் டீச்சர். அவள் சம்பளம் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையே இல்லை.

அக்கா வீட்டுக்காரர் புதுமனை விருந்தில் பத்துப் பேர் முன்னால் கேட்டார், "என்ன மாப்ள, செக்குமாடு ஆயிட்டீங்களாமா?" எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இப்போது சொல்கிறேன்: 11 வருடம் ஒரே இடத்தைச் சுற்றியது அங்கேதான் மாமா. கண்ணுக்குக் கட்டிய பட்டையில் கம்பெனி லோகோ இருந்தது, அவ்வளவுதான். போன தீபாவளிக்கு வாங்கிய பதினைந்து லிட்டர் பாக்கி வேறு நிற்கிறது.

இந்த வேலையில் என்ன கண்டாய் என்றால், முதல் வருடம் ஒரு பாட்டியம்மா காலி பாட்டிலோடு வந்து, "போன வாட்டி நல்லெண்ண சிக்கு வாடை அடிச்சுதுங், கடங்காரா" என்று வாசலில் நின்று திட்டினார். மூடியைத் திறந்து மோந்தேன். அவர் சொன்னது உண்மை, மழை நாளில் சரியாகத் தெளிய வைக்காமல் பிடித்தது. வேறு பாட்டில் கொடுத்தேன். மோந்து பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு போனார். ஒஹையோவில் கணுக்கால் உடைந்தவர் ஒரு முறைகூட என் முகத்துக்கு நேரே திட்டியதில்லை.

அப்பா இப்போது செக்குக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுப் புண்ணாக்குக் கணக்கு எழுதுகிறார். மாதம் அரை லிட்டருக்கு மேல் எண்ணெய் கூடாது என்று டாக்டர் உத்தரவு. "எண்ண ஆட்டறவன் அப்பனுக்கு இட்லிப்பொடி வறண்டு கெடக்குது" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். மாத்திரை மட்டும் 3,200. அவருக்கு ஒரு பாலிசி கிடைத்தது, கூடுதல் பிரீமியத்தோடு. இதய நோய்க்கான காத்திருப்பு முடிகிற தேதியைச் செக்கடித் தூணில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதி வைத்திருக்கிறேன். எண்ணெய்ப் பிசுக்கில் அடிக்கடி அழிந்துபோகிறது, திரும்ப எழுதுகிறேன்.

போன வாரம் பழைய டீமிலிருந்து ஒரு பையன் போன் செய்தான். அடுத்த மாதம் பேப்பர் போடுகிறானாம், ஆத்தூர்ப் பக்கம் செக்கு வைக்கப் போகிறானாம், மரம் எங்கே எடுப்பது என்று கேட்டான். அப்பாவுக்கு சுகர் இருக்கா என்றேன். "அண்ணா, நான் செக்கு விலை கேட்டேன்" என்றான். பாலிசியை போட்டோ எடுத்து அனுப்பு, செக்காசாரி நம்பர் தருகிறேன் என்றேன். இன்னும் அனுப்பவில்லை.