விருந்தோம்பலும் நம் விசுவாசமும்

தமிழர் வீட்டில் பிறந்த நமக்கு விருந்தோம்பலை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை என்று எண்ணுகிறோம். வந்தவர் திண்ணையில் அமருமுன் செம்பில் தண்ணீர் வந்துவிடும். ஆயினும் பழக்கத்தினால் செய்வது எது, விசுவாசத்தினால் செய்வது எது என்று பகுத்துப் பார்ப்பது நன்று.

தொடக்கநூல் 18ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். உச்சி வெயில் நேரம். ஆபிரகாம் கூடார வாசலில் அமர்ந்திருக்கிறார். முன்பின் அறியாத மூவர் தென்படுகின்றனர். எந்த ஊர், என்ன குலம் என்று அவர் கேட்கவில்லை. அந்த முதியவர் எழுந்து ஓடுகிறார்! கால் கழுவ நீர், மர நிழல், சாரா சுட்ட அப்பம், இளங்கன்றின் கறி, பால். இவ்வளவும் கொடுத்தபின், அவர்கள் உண்ணும்வரை செல்வராகிய அவர் அருகில் நின்றுகொண்டே இருந்தார். சித்திரை மாத மதியத்தில் எங்கள் கருவேப்பிலங்குறிச்சியில் ஜெயங்கொண்டம் பேருந்துக்காகக் காத்து நின்றவர்களுக்கு அந்த நிழலின் அருமை விளங்கும்.

இயேசுவோ இன்னும் ஒரு படி மேலே போகிறார். திரும்ப அழைக்கக் கூடியவர்களை அழையாதே, ஏழைகளையும் ஊனமுற்றோரையும் அழை என்பது லூக்கா நற்செய்தி 14ஆம் அதிகாரத்தின் போதனை. நம் காதணி விழாக்களில் பந்திக்குப் பக்கத்திலேயே மொய் நோட்டும் விரிந்திருக்கிறதே! அதுவும் விருந்துதான், ஆனால் வரவு செலவு உள்ள விருந்து. ஆறாம் நூற்றாண்டில் துறவிகளுக்கு ஒழுங்கு வகுத்த புனித ஆசீர்வாதப்பர், ஏழைகளையும் திருப்பயணிகளையும் தனிக் கவனத்தோடு ஏற்கும்படி எழுதினார். செல்வருக்கு மரியாதை தானாகவே கிடைத்துவிடும் என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

இத்தாலியில் 1680இல் பிறந்த வீரமாமுனிவரும் இந்நாட்டுக்கு ஓர் அந்நியராகத்தான் வந்தார். விருத்தாசலம் பகுதியிலுள்ள கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பினார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்தார். அறத்துப்பாலின் ஒன்பதாம் அதிகாரம் விருந்தோம்பல் அல்லவா? விருந்தாளியாக வந்தவரே நம் விருந்தோம்பலை ஐரோப்பாவுக்கு எடுத்துச் சொன்னார்.

இனி நம் பக்கம் திரும்புவோம். விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்றது. சூளையில் வெந்து வரும் கோப்பைக்குத் தன்னில் குடிப்பவர் யார் என்பது தெரியாது. நமக்குத்தான் தெரிகிறது! தமிழகச் சிற்றூர்களின் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை வைத்த கொடுமையை நாம் அறிவோம். தீண்டாமையைத் தண்டிக்க 1955இலேயே சட்டம் வந்தது. ஆலயத்துக்குள்ளேயே சாதிக்கு ஓர் இடம் என்று பிரித்து வைத்த காலமும் நம் திருச்சபையில் உண்டு. அதை மறைப்பதால் பயனில்லை. இன்றும் சில வீடுகளில் உறவினருக்குப் பீங்கான் கோப்பை, வாசல் பெருக்க வருபவருக்குக் காகிதக் கோப்பை. "கழுவுகிற வேலை மிச்சம்" என்பார்கள். அப்படியானால் உறவினருக்கும் காகிதக் கோப்பையே கொடுக்கலாமே?

கிறிஸ்துமஸ் அன்று முறுக்கும் அதிரசமும் தட்டில் வைத்துத் தெருவெங்கும் கொடுக்கிறோம். பெரும்பாலும் பதிலுக்குத் தீபாவளிப் பலகாரம் தரும் வீடுகளுக்கே அந்தத் தட்டு போகிறது. இவ்வாண்டு தெருக்கோடியில் அறை எடுத்துத் தங்கி வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளர்களுக்கும் கொண்டுபோவது என்று நாங்கள் தோழியர் சிலர் பேசி வைத்திருக்கிறோம். சாப்பிடுங்கள் என்பதை இந்தியில் எப்படி மரியாதையாகச் சொல்வது என்று கேட்டு எழுதி வைத்திருக்கிறோம்.