வென்றவரின் பெயரோடு இனத்தையும் எழுதலாமா?

அன்புள்ள தங்கச்சிக்கு,

பாடசாலைச் சஞ்சிகையின் விளையாட்டுப் பக்கம் இந்த முறை உன் பொறுப்பில் வந்திருக்கிறது. பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி மாகாண மட்ட 1500 மீற்றர் ஓட்டத்தில் முதலாவதாக வந்திருக்கிறாள். ‘மலையகத் தமிழ் மாணவி சாதனை’ என்று தலைப்புப் போட வேண்டும் என்கிறாள் உன் தோழி. ஓடி வென்ற பிள்ளைக்கு இனம் எதற்கு, பெயரும் பாடசாலையும் போதாதா என்று கேட்கிறார் உங்கள் ஆசிரியர். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம் நீள்கிறது.

1948இல் இருந்து தொடங்குவோம். சுதந்திரம் கிடைத்து ஆறு மாதம்கூட நிறையாத இலங்கைக்கு, லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்று கொடுத்தார் டங்கன் வைட். கண்டி திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவர், பறங்கியர் சமூகத்தவர். சின்னஞ்சிறு சமூகத்தைச் சேர்ந்த ஒருவரை நாடு முழுவதும் தன் பிள்ளையாகக் கொண்டாடியது. அதே ஆண்டு நவம்பரில் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தேயிலை மலைகளில் வேலை செய்த தமிழரில் பெரும்பாலானோர் அந்தச் சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனார்கள். நாடற்றவருக்குக் கடவுச்சீட்டு கிடையாது. கடவுச்சீட்டு இல்லாதவர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் எந்த நாட்டின் சீருடையையும் போட முடியாது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிச்சமிருந்தவர்களின் பிரச்சினையைத் தீர்க்க 2003இல் ஒரு தனிச் சட்டமே தேவைப்பட்டது. இத்தனை ஆண்டுகளில் லயத்துப் பிள்ளைகளில் எத்தனை ஓட்டக்காரர்கள் தொடக்கக் கோட்டுக்கே வராமல் போனார்கள் என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. மலையகத்துப் பிள்ளையின் வெற்றியை எழுதும்போது ‘இனம் சம்பந்தமில்லாத விஷயம்’ என்று ஒதுக்க முடியாததற்கு இதுவே போதுமான காரணம்.

இன்னொரு ஆண்டையும் பார். 1958 மே மாதம், டோக்கியோவில் ஆசிய விளையாட்டு விழா. யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் தாண்டித் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அவர் அங்கே இலங்கைக்காகப் பாய்ந்துகொண்டிருந்த அதே நாட்களில் இங்கே தமிழர்களைத் தேடித் தேடி அடித்தார்கள். மே 27ஆம் திகதி அவசரகாலச் சட்டம் வந்தது. இந்தச் செய்தியை ‘இலங்கை வீரருக்குத் தங்கம்’ என்று மட்டும் எழுதினால் அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் படிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில் பாதி விட்டுப்போகும்.

அப்படியானால் தோழி சொன்னதுதான் சரி என்று முடிவெடுத்துவிடாதே. கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரனுக்கு நடந்ததைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

முரளியைப் பற்றி எழுதுகிறவர்களில் சிலர் அவரை நேரே கொழுந்துக் கூடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். உண்மை வேறு. 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர் அவருடைய தாத்தா. அவர் பிறகு திருச்சிக்குத் திரும்பிவிட்டார். மகன் முத்தையா இங்கேயே தங்கி, கண்டியில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தினார். தமிழருக்கு எதிரான 1977 கலவரத்தில் அந்தத் தொழிற்சாலைக்குத் தீ வைத்தார்கள். முரளிக்கு அப்போது ஐந்து வயது. கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் மிதவேகப் பந்து வீசிக்கொண்டிருந்த பையனை, பதினான்கு வயதில் சுழற்பந்துக்கு மாறச் சொன்னவர் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ. இத்தனை விவரமும் இருக்க, ‘தோட்டத்துத் தமிழன் உலகை வென்றான்’ என்று ஒரே வரியில் முடித்தால் தாத்தாவின் கதையைப் பேரனுக்குப் போர்த்திவிட்டதாகிவிடும். தொழிற்சாலையும் காணாமல் போகும், தீயும் காணாமல் போகும், சுனில் பெர்னாண்டோவும் காணாமல் போவார்.

1995 டிசம்பர் 26, மெல்பேர்ண். நடுவர் டரல் ஹெயர், முரளி பந்தை எறிகிறார் என்று ஏழு முறை ‘நோ போல்’ சொன்னார். 1999 ஜனவரியில் அடிலெய்டில், இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில், ரோஸ் எமர்சனும் அதையே சொன்னார். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க விரலை நீட்டி வாதாடினார், அணியை எல்லைக்கோடு வரை அழைத்துக்கொண்டு போனார், ஆட்டம் நின்றது. நாட்டில் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். சிங்களத் தலைவர் ஒருவர் தன் தமிழ்ப் பந்துவீச்சாளருக்காக உலகத்தின் முன்னால் நின்றார் என்பதை அந்த இடத்தில் சொல்லத்தான் வேண்டும். சொல்லாமல் விட்டால் அந்தக் காட்சியின் கனம் படிப்பவருக்குத் தெரியாது. ஆனால் ஒரு வரியில் சொல்லிவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பிவிட வேண்டும். பலர் திரும்பவில்லை. அவருடைய விக்கெட்டுகளை நாட்டின் ஒற்றுமைக்குச் சாட்சி ஆக்கினார்கள். அந்த அணியில் ஒரு தமிழர் இருக்கிறார் என்பதாலேயே நாட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று காட்டப் பார்த்தார்கள். மறுபக்கத்தில், தமிழர் எல்லோருக்காகவும் அவர்தான் பேச வேண்டும் என்று எதிர்பார்த்தவர்களும் இருந்தார்கள். 2020இல் அவர் வாழ்க்கையைப் படமாக்கப் போவதாக அறிவிப்பு வந்ததும் தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பில் விஜய் சேதுபதி விலகிக்கொண்டார். வேறு நடிகரோடு படம் 2023இல் வெளியானது. அந்த எதிர்ப்புக்குக் காரணமான முரளியின் அரசியல் கருத்துகளை விமர்சிக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. அவர் சொன்ன பல விஷயங்கள் மலையகத்திலேயே பலருக்குக் கசந்தன. ஆனால் 2010 ஜூலை 22, காலியில் 133ஆவது டெஸ்டில் 800ஆவது விக்கெட்டை எடுத்த மனிதரின் தோளில் ஓர் இனத்தின் முழுப் பாரத்தையும் முதலில் ஏற்றிவைத்தது செய்தி எழுதியவர்கள்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

இனத்தைச் சொல்வதில் மிக மோசமான வகை ஒன்று உண்டு. பாராட்டுப் போலவே இருப்பதால் கண்ணில் படாது. ‘மலை ஏறி இறங்கிய பரம்பரை, கால்களில் வலு பிறவியிலேயே வந்தது’ என்று எழுதுவது அது. கென்யாவின் ஓட்டக்காரர்களைப் பற்றி உலகப் பத்திரிகைகள் பல காலமாக இப்படித்தான் எழுதின. ஆனால் அங்கே ஐட்டன் என்ற மலை ஊரில், 1976இல் அயர்லாந்திலிருந்து பாடம் சொல்லித்தர வந்த கொல்ம் ஓ’கொனல் என்ற துறவிச் சகோதரர், ஒரு பாடசாலை மைதானத்தில் வருடக்கணக்காகப் பிள்ளைகளைப் பயிற்றுவித்தார். 2012 லண்டனில் 800 மீற்றரை 1 நிமிடம் 40.91 செக்கனில் ஓடி உலக சாதனை படைத்த டேவிட் ருடிஷா அவருடைய மாணவர். உயரமான இடத்தின் மெல்லிய காற்று உடலுக்கு உதவும் என்பது மெய்தான். 1,868 மீற்றர் உயரத்திலிருக்கும் நுவரெலியாவுக்குக் கீழ்நாட்டு வீரர்களும் பயிற்சிக்கு வருகிறார்கள். அது காற்று செய்யும் வேலை, பரம்பரை இரத்தம் செய்யும் வேலை இல்லை. உன் ஓட்டக்காரி விடியற்காலை பனியில் ஓடிய ஓட்டத்தைப் பரம்பரைக்குத் தூக்கிக் கொடுத்துவிடாதே.

அதேபோல மோசமானது, லயத்து வாசலில் வெறுங்காலோடு நிற்க வைத்துப் படம் எடுப்பது. வறுமை உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் படம் பார்ப்பவருக்கு இரக்கம் மட்டும் மிஞ்சுகிறது. அவள் எத்தனை நிமிடத்தில் ஓடினாள் என்பதே செய்தியில் இல்லாமல் போகிறது. டிக்கோயாவின் டரவளை மைதானம் வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலிருந்து இருக்கிறது. இவ்வளவு பழைய மைதானங்கள் இருக்கும் மலைகளில், தோட்டத்துப் பாடசாலைப் பிள்ளை ஒழுங்கான ஓடுபாதைக்கு எவ்வளவு தூரம் பஸ்ஸில் போக வேண்டியிருக்கிறது என்று கேட்டு எழுது. இரக்கத்தைவிட அந்தத் தகவல் அவளுக்கு உதவும்.

வென்றவர்களே இதைப் பற்றிச் சொன்னதும் கேட்க வேண்டியது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சலில் தனிநபர் தங்கம் வென்ற முதல் கறுப்பின அமெரிக்கப் பெண் சிமோன் மானுவல். அந்த வெற்றி தன் மக்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை அவர் மறுக்கவே இல்லை. அதோடு, ‘கறுப்பின நீச்சல் வீராங்கனை’ என்ற அடைமொழி தேவைப்படாத நாள் வர வேண்டும் என்றும் சொன்னார். இரண்டும் ஒரே மனதிலிருந்து வந்தவைதான்.

அதே ரியோவில் பாட்மிண்டன் வீராங்கனை பி. வி. சிந்து இறுதியாட்டத்துக்குப் போனபோது இந்தியாவில் ஏராளமானோர் கூகுளில் தேடியது அவருடைய சாதியை. ஐந்து ஆண்டு கழித்து டோக்கியோவில் வந்தனா கட்டாரியா, ஒலிம்பிக் ஹொக்கியில் மூன்று கோல் ஒரே ஆட்டத்தில் போட்ட முதல் இந்தியப் பெண் ஆனார். சில நாளில் அரையிறுதியில் அணி தோற்றதும் ஹரித்துவாருக்குப் பக்கத்திலுள்ள அவருடைய வீட்டின் முன்னால் போய்ச் சாதியைச் சொல்லி ஏசினார்கள். ஜெர்மனிக்கு உதைபந்தாட்ட உலகக் கிண்ணம் வென்று கொடுத்த அணியில் ஆடிய மெசுட் ஓசில் 2018இல் தேசிய அணியிலிருந்து விலகியபோது சொன்னதும் இதைத்தான்: வென்றால் ஜெர்மானியர், தோற்றால் குடியேறி.

ஆகவே, தங்கச்சி, அந்தப் பிள்ளையிடமே போய்க் கேள். தன்னை எப்படிச் சொல்ல விரும்புகிறாள் என்று கேட்டு, அந்தச் சொல்லை எழுது. தலைப்பில் அவள் பெயரையும் நேரத்தையும் போடு. தோட்டத்தின் பெயர், பயிற்சி கொடுத்த ஆசிரியரின் பெயர், முந்தைய சிறந்த நேரம், இவையெல்லாம் முதல் பந்தியில் வரட்டும். உன் பாடசாலையிலிருந்து இந்த மட்டத்தில் வென்ற முதல் பிள்ளை அவள் என்றால் அதைச் சொல். ஏன் இவ்வளவு காலம் எடுத்தது என்பதையும் இரண்டாம் பந்தியில் 1948ஐத் தொட்டுச் சொல். மலையகத் தமிழ்ப் பிள்ளை என்பது அந்த இடத்தில் தானாக வந்து நிற்கும். அச்சுக்குப் போகும் முன் முழுவதையும் அவளுக்கு வாசித்துக் காட்டு. தேசிய மட்டத்தில் அவள் ஐந்தாவதாக வந்தாலும் பக்கத்தில் இடம் ஒதுக்கி, அதே பெயரோடும் அதே தோட்டத்தோடும் அதே அளவு எழுத்திலும் போடு.

அன்புடன்,
அக்கா