வால் பக்கம் ஒரு கிராம்

அன்பு மருமகளுக்கு,

நீ அனுப்பிய பிளானை விரித்து வைத்துப் பார்த்தேன். பைப்பர் ஜே-3 கப், நிஜத்தில் நாலில் ஒரு பங்கு. சிறகு முனைக்கு முனை 2.7 மீட்டர், மூக்கிலிருந்து வால் வரை 1.7 மீட்டர். "முதல் பெரிய மாடலுக்கு இது அகலக்கால் வைப்பதாகுமா மாமா?" என்று கேட்டிருக்கிறாய். ஆகாது. சின்ன டிரெய்னரை ஒழுங்காக ஏற்றி இறக்கத் தெரிந்த பிறகு கப்பைவிட நல்ல விமானம் கிடையாது. 1938-லிருந்து 1947 வரை ஏறத்தாழ 20,000 கப்களைக் கட்டித் தள்ளினார்கள். எளிய விமானம் அது. சிறகு அடியிலிருந்து நுனிவரை ஒரே அகலம். நுனி மட்டும் வட்டம். ஆகவே ஒரே அச்சை வைத்துக்கொண்டு சிறகின் விலா எலும்புகளான ரிப்களில் பெரும்பாலானவற்றை வெட்டி முடித்துவிடலாம்.

பெரிசு என்று பயப்படாதே. நீ பொறியியல் படிப்பவள், கணக்கைப் போட்டுப் பார். நிஜக் கப் முழுச் சுமையோடு 553 கிலோ. நீளம், அகலம், உயரம் மூன்றும் நாலில் ஒன்றானால் எடை 64-இல் ஒன்றாகிறது, அதாவது 8.6 கிலோ. சிறகின் பரப்போ 16-இல் ஒன்றாகத்தான் குறைகிறது. அப்படியானால் ஒவ்வொரு சதுர மீட்டரும் சுமப்பது நிஜத்தில் சுமப்பதில் கால்வாசி. தரையைத் தொடும் வேகம் பாதி. சின்ன மாடல்கள் காற்றில் வெடுக் வெடுக்கென்று திரும்பும். இது நிதானமாக மிதக்கும், தப்பைத் திருத்திக்கொள்ள உனக்கு நேரம் தரும். ஆனால் 8.6-ஐ இலக்காக வைத்துக்கொள்ளாதே, அது வரம்பு. ஏழரை கிலோவில் முடித்தாயானால் உன்னை மெச்சுவேன்.

அந்த ஏழரை கிலோ ஒட்டும்போது தீர்மானமாவதில்லை. கடையில் பலகை பொறுக்கும்போதே பாதி தீர்மானமாகிவிடும். 3 மில்லிமீட்டர் தடிமன், 10 சென்டிமீட்டர் அகலம், ஒரு மீட்டர் நீளம் உள்ள பால்சா பலகை ஒன்று 30 கிராம் இருக்கும். பக்கத்திலேயே அதே விலைக்கு வைத்திருக்கும் இன்னொன்று 60 கிராம் இருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். சமையலறை டிஜிட்டல் தராசைப் பையில் போட்டுக்கொண்டு போ. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ஒவ்வொரு பலகையிலும் பென்சிலால் எடையை எழுது. கனமானது சிறகின் நீளத்துக்கு ஓடும் ஸ்பாருக்கு, நடுத்தரம் ரிப்புக்கு, ஆக லேசானது வாலுக்கு. வாலுக்கான பலகைகளை முதலில் பொறுக்கித் தனியே கட்டி வை. இல்லாவிட்டால் கடைசியில் கையில் மிஞ்சியதுதான் வாலுக்குப் போகும்.

ஏன் வாலைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்? கப்புக்கு மூக்கு குட்டை. சி.ஜி. என்னும் ஈர்ப்பு மையத்திலிருந்து வாலுக்கு இருக்கும் தூரம், மூக்குக்கு இருப்பதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். வாலில் ஒரு கிராம் கூடினால், சமன் செய்ய மூக்கில் மூன்று கிராமுக்கு மேல் ஈயம் வைக்க வேண்டும். 50 கிராம் அசட்டையாக விட்டாயானால் 150 கிராமுக்கு மேல் ஈயத்தைச் சும்மா தூக்கிக்கொண்டு பறப்பாய்.

வாலின் வட்ட விளிம்பைப் பலகையில் வெட்டி எடுக்காதே. அப்படி வெட்டினால் ஏதாவது ஓரிடத்தில் நார் குறுக்கே ஓடி, அங்கேதான் உடையும். 1.5 மில்லிமீட்டர் பட்டைகளாகக் கீறி வெந்நீரில் ஊறவை. கெட்டி அட்டையில் அச்சு வெட்டி, ஓரத்தில் செல்லோடேப் ஒட்டி, பட்டையை மெல்ல மெல்ல இழுத்து வளைத்துக் குண்டூசியால் நிறுத்து. ஒரு ராத்திரி காயவிட்டு, மறுநாள் மூன்று நான்கு பட்டைகளைப் பசை தடவி ஒன்றன்மேல் ஒன்றாக அதே அச்சில் சேர்த்துக் கட்டு. அச்சிலிருந்து கழற்றும்போது கையில் இருப்பது பால்சாதானா என்று சந்தேகம் வரும், அவ்வளவு விறைப்பு. சிறகு நுனிக்கும் இதே வழிதான்.

பலகையின் நாரையும் படிக்கக் கற்றுக்கொள். நீளவாக்கில் மெல்லிய கோடுகள் சீராக ஓடினால் அது ஏ கிரெய்ன். குறுக்கே வளைந்து கொடுக்கும். சிறகின் முன்விளிம்பைச் சுற்றிப் போர்த்த அதுதான் தோது. மினுமினுக்கும் புள்ளிகள் தெரிந்தால் சி கிரெய்ன். வளைக்கப் பார்த்தால் பிளந்துவிடும், ஆனால் விறைப்பானது, ரிப்புக்கு நல்லது. மேல் ஸ்பாருக்கும் கீழ் ஸ்பாருக்கும் நடுவே ஒட்டும் ஷியர் வெப்பில் மட்டும் நார் செங்குத்தாக நிற்க வேண்டும். படுக்கவைத்து ஒட்டுவது வேகமாக முடியும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. சிறகு மேலே வளையும்போது இரண்டு ஸ்பாரும் நெருங்காமல் தாங்கிப் பிடிப்பது அந்தத் துண்டுகள்தான்.

கட்டும் மேஜைக்கு மரக்கடையில் ஒரு ஃப்ளஷ் டோர் வாங்கு. வீட்டில் அதைப்போல நேரான பரப்பு வேறு கிடைக்காது. சிறகு முறுக்கிக்கொண்டால் அப்புறம் எந்த வித்தையும் பலிக்காது. வேண்டுமென்றே வைக்கும் முறுக்கு ஒன்று உண்டு: நுனியில் பின்விளிம்பு இரண்டு டிகிரி உயர்ந்து நிற்க வேண்டும். வேகம் குறையும்போது நுனி முதலில் தொய்ந்து விமானம் புரண்டுவிடாமல் அது காக்கும். இரண்டு சிறகிலும் ஒரே அளவாக இருக்கிறதா என்பதைத்தான் திரும்பத் திரும்ப அளக்க வேண்டும்.

பசை விஷயத்தில் உன் அப்பாவின் ஃபெவிகாலை எடுக்காதே. ஒட்டும், நன்றாகவே ஒட்டும். ஆனால் காய்ந்தபின் உப்புத்தாள் போட்டால் பசை அப்படியே நிற்க, பக்கத்து மரம்தான் தேயும். மஞ்சள் நிற மரப்பசை நன்றாகத் தேயும். இன்ஜின் தாங்கும் ஃபயர்வாலுக்கு நிதானமாக இறுகும் எபாக்சி, அவசரத்துக்கு சூப்பர் க்ளூ. சூப்பர் க்ளூவின் ஆவி கண்ணைக் கரிக்கும், ஜன்னலைத் திற. தேய்க்கும்போது மாஸ்க் போடு. மழைக்காலத்தில் சட்டத்தின்மேல் ஃபிலிம் உறையைப் போர்த்தாதே. மரம் ஈரத்தைக் குடித்திருக்கும்.

இன்ஜினா, மோட்டாரா என்பது உன் இஷ்டம். எங்கள் என்.சி.சி. விமானப் பிரிவு நாட்களில் மெத்தனாலில் விளக்கெண்ணெய் கலந்து ஊற்றுவோம். பாட்டி குழந்தைகளுக்குப் புகட்டிய அதே விளக்கெண்ணெய்தான். சட்டையில் அந்த வாடை போகவே போகாது. மோட்டார் வாங்கினால் உன் அம்மா சந்தோஷப்படுவாள்.

கார்பன் ஃபைபர் காலத்தில் மரமா என்று வகுப்பில் சிரிக்கிறார்களாமே. 1940-இல் முதன்முதலாகப் பறந்த டி ஹாவிலண்ட் மாஸ்கிட்டோ போர் விமானத்தின் உடல், இரண்டு ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே பால்சாவை வைத்துச் செய்தது என்று சொல்லு. பல காற்றாலை இறக்கைகளின் வயிற்றிலும் இன்றைக்கு அதே மரம் இருக்கிறது.

எங்கே பறப்பது என்பதை இப்போதே யோசி. 2021 ட்ரோன் விதிகளின்படி, விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில் 200 அடிதான் பச்சை மண்டலம். அதற்கப்பால் தடையில்லாத இடங்களில் 400 அடி. அரசின் வரைபடத்தைப் பார்க்காமல் எந்த மைதானத்துக்கும் கிளம்பாதே. முதல் பறப்புக்கு ரிமோட்டை உன் கையில் வைத்துக்கொள்ள வேண்டாம்; பெரிய மாடல் ஓட்டிப் பழகிய ஒருவரிடம் கொடு. மாதக்கணக்கில் கட்டியவளின் கை நடுங்கும், நடுங்காத கை டிரிம் செய்யட்டும். இரண்டாவது பறப்பு உன்னுடையது.

பலகை வாங்கியதும் எடைப் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பு. நான் பார்த்துச் சொல்லும்வரை ஒரு ரிப்பும் வெட்டாதே.

அன்புடன்,
மாமா