காணிக்கைக்குச் சாட்சி
(வேதபாடம்: 2 கொரிந்தியர் 8:16-21)



எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காகச் சபைகள் சேர்த்த பணத்தைப் பவுல் தம் பொறுப்பில் மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. தீத்துவோடு, சபைகளே தெரிந்துகொண்ட ஒரு சகோதரனையும் அனுப்பினார். அப்போஸ்தலனுக்கே சாட்சி வேண்டியிருந்தது!

1955-ல் டாக்டர் ஏ. கே. தரியனும் தோழர்களும் ஒட்டன்சத்திரத்தில் மருத்துவ ஊழியத்தைத் தொடங்கினார்கள். சுற்றுக் கிராமத்தாருக்குச் சான்றிதழ் எதற்கு? பிழைத்து வீடு திரும்பியவர்களே சாட்சி. தூரத்திலிருந்து கொடுக்கும் நீங்களோ படத்தையும் கண்ணீர்க் கதையையும்தான் காண்கிறீர்கள். நோயாளியின் படத்தை யாரும் போட்டுக்கொள்ளலாம்.

ஆகவே எந்த ஊழியமானாலும், எங்களுடையதேயானாலும், பதிவு எண்ணையும் தணிக்கை செய்த வரவுசெலவையும் கேளுங்கள். ரசீதிலும் வங்கிக் கணக்கிலும் இருப்பது சங்கத்தின் பெயரா, தனி ஆளின் பெயரா என்று பாருங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 2020-ல் திருத்திய அந்நிய நன்கொடைச் சட்டப்படி, வெளிநாட்டார் தரும் காணிக்கை முதலில் புதுதில்லியிலுள்ள ஸ்டேட் வங்கியின் பிரதானக் கிளைக்குத்தான் வரவேண்டும். திண்டுக்கல் கிளைக் கணக்கு எண்ணைக் கொடுத்து அவர்களிடம் பணம் கேட்டால், அனுப்பவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கேட்டால் ஊழியர் மனம் புண்படுமே என்று சிலர் தயங்குகிறார்கள். எங்கள் கணக்கை எங்களிடம் தாராளமாகக் கேளுங்கள்.