முத்திரைக்கு முன் ஒரு கணக்கு

கேள்வி: பொறியியல் கல்லூரியில் கட்டுமானப் பாடம் எடுக்கிறேன். 'தொழில் பொறுப்பு' என்றாலே மாணவர்கள் தூங்கிவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: விதிப் புத்தகத்தை மூடிவிட்டு, அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள கான்சாஸ் சிட்டியின் ஹயாட் ரீஜென்சி ஹோட்டலின் இரண்டு தொங்கும் நடைபாலங்களைக் கரும்பலகையில் வரையுங்கள். கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீண்ட கம்பியில் நான்காம் மாடிப் பாலமும் இரண்டாம் மாடிப் பாலமும் தொங்க வேண்டும் என்பது முதல் வடிவமைப்பு. செய்வதற்குச் சிரமம் என்று கம்பியை இரண்டாக்கினார்கள். கீழ்ப்பாலம் மேல்பாலத்தைப் பிடித்துத் தொங்கியது. மேல்பாலத்து நட்டின் மீது சுமை இரட்டிப்பானது. 1981 ஜூலை 17 அன்று பாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தார்கள்.

அந்தச் சுமையை மாணவர்களையே கணக்கிடச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலைதான். மாற்றிய வரைபடத்தில் பொறியாளரின் முத்திரை இருந்தது, அந்தக் கணக்குதான் போடப்படவில்லை என்பதைப் பிறகு சொல்லுங்கள். (முதல் வடிவமைப்பும் உருப்படியில்லை, விதி கேட்ட வலுவில் 60 சதவீதம்தான் தேறியது.) மாற்றத்தைக் கேட்டது கம்பி செய்த நிறுவனம்தானே என்று வகுப்பில் சண்டை வரும், வரட்டும். மிசௌரி மாநிலத்தில் அந்த வாதம் எடுபடவில்லை; வடிவமைப்புப் பொறியாளர்களின் உரிமம்தான் பறிபோனது.