குலப்பெயரும் குருதி வழியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., விலங்கியல்)

ஸ்காட்லாந்திலிருந்து கடல் கடந்து சென்றோரின் வழித்தோன்றல்கள் இன்று அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் பரவி வாழ்கின்றனர். தம் முன்னோரை நினைந்து அவர்கள் கூடும் விழாக்களுக்கு 'ஹைலண்டு விளையாட்டுகள்' என்று பெயர். அவற்றுள் புகழ்வாய்ந்த ஒன்று அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், கிராண்ட்ஃபாதர் மலைச்சாரலில் 1956-இல் தொடங்கப்பெற்றது. 'பேக்பைப்' என்னும் தோல்பைக் குழலின் முழக்கம், நெடிய மரத்தண்டைத் தலைகீழாகப் புரண்டு விழும்படி எறியும் போட்டி, 'கில்ட்' என்னும் கட்டம் போட்ட கம்பளிப் பாவாடை அணிந்த ஆடவர் ஆகியவை அங்கே கண்ணையும் காதையும் கவர்வன. எனினும் ஆராய்ச்சிக்கு உரியவை, வரிசையாக அமைந்திருக்கும் குலக் கூடாரங்களே.

அக்கூடாரத்தில் ஒருவர் தம் குடும்பப் பெயரைச் சொன்னால், அவர் எந்தக் குலத்தவர், அவருக்குரிய 'டார்ட்டன்' கட்டம் எது என்பனவற்றை எடுத்துரைப்பர். பெயரை வைத்தே குருதியைக் கூறிவிட முடியுமா? இதுவே நம் கேள்வி.

'கிளான்' என்பது பிள்ளைகள் எனப் பொருள்படும் கேலிக் மொழிச் சொல்லிலிருந்து வந்தது. 'மாக்' என்றால் மகன். ஆயினும் தலைவனின் நிலத்தை உழுதவர்களும், அவனிடம் அடைக்கலம் புகுந்தவர்களும் அவன் பெயரையே சூடிக்கொண்டதுண்டு. பெயர் பல வேளைகளில் யாருடைய பக்கம் நின்றான் என்பதையே காட்டிற்று. இதற்கு மாறான கதை மாக்கிரெகர் குலத்தாருடையது. 1603-இல் மன்னர் ஆறாம் ஜேம்ஸ் அப்பெயரையே தடை செய்தார். அதை வைத்திருப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. 1661-இல் நீங்கிய தடை 1693-இல் மீண்டும் வந்து, 1774-இல்தான் அடியோடு ஒழிந்தது. இடைக்காலத்தில் அவர்கள் வேறு பெயர்களில் மறைந்து வாழ்ந்தனர். புகழ்பெற்ற ராப் ராய் மாக்கிரெகரே தம் தாயின் குலப்பெயரான காம்பெல் என்பதைப் பயன்படுத்தினார். ஆகவே காம்பெல் கூடாரத்தில் நிற்பவர் மாக்கிரெகர் வழியினராகவும் இருக்கக்கூடும்!

துணியின் வரலாறும் இத்தகையதே. 1746-இல் கல்லோடன் போரில் கிளர்ச்சியாளர் தோற்றபின் ஹைலண்டு ஆடவரின் உடைக்குத் தடை விதிக்கப்பட்டது, 1782-இல் நீக்கப்பட்டது. 1822-இல் மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோ வந்தபோது, வரவேற்பைத் திட்டமிட்ட நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் அவ்வுடையை நாகரிகமாக்கினார். குலத்திற்கு ஒரு கட்டம் என்ற வழக்கம் பெரும்பாலும் இதையொட்டி உருவானதே. அதற்காக அத்துணியைப் பொய் என்று தள்ள எனக்கு மனமில்லை. ஆட்டுப் பண்ணைகளுக்காகக் குடியானவர்களை நிலத்தைவிட்டு வெளியேற்றியவருள் குலத்தலைவர்களும் பலர் இருந்தனர். வெளியேறியவரின் பேரப்பிள்ளைகள் அதே தலைவனின் வண்ணத்தை விரும்பி அணிகின்றனர் என்பது சிந்திக்கத்தக்கது.

விஞ்ஞான மாணவன் என்ற முறையில் ஒரு சிறு கணக்கு: பெற்றோர் இருவர், பாட்டன் பாட்டியர் நால்வர், இவ்வாறு பத்துத் தலைமுறை பின்சென்றால் முன்னோருக்குரிய இடங்கள் 1024. (சிலர் இரண்டு இடங்களில் வருவர்.) குடும்பப் பெயர் பிடித்துச் செல்வது இவற்றுள் ஒரே ஓர் இழையை. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும் 'ஒய்' குரோமோசோமும் அவ்வாறே. மற்ற 1023 இடங்களுக்கும் அந்தக் கூடாரத்தில் பதில் இல்லை.

பதில் கிடைக்கும் இடம் பதிவேடு. ஸ்காட்லாந்தில் 1855 முதல் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு கட்டாயமாயிற்று. திருமணப் பதிவில் மணமக்கள் இருவரின் தாயார் பெயரும், பிறந்த வீட்டுப் பெயருடன் எழுதப்பட்டது. இங்கிலாந்தின் திருமணப் பதிவில் தாய்க்கு இடம் கிடைத்தது 2021-இல்தான்! எழுதத் தெரியாதவர் பதிவாளர் முன்னிலையில் பெருக்கல் குறி இட்டனர். எங்கள் குடும்பத்தில் எனக்கு முந்திய தலைமுறைவரை கைநாட்டுத்தான். ஆதலால் குலச் சின்னத்தைவிட அந்தக் குறியே எனக்கு நெருக்கமாகத் தோன்றுகிறது.

இறப்புப் பதிவிலும் இறந்தவரின் தாய் தந்தையர் பெயர் கேட்டு எழுதப்பட்டது. 1860-இல் எண்பது வயதில் இறந்த ஒரு மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். தகவல் சொன்னவருக்குத் தெரிந்திருந்தால், அவள் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் அந்த ஏட்டில் இருக்கும். அத்தாயோ, ஹைலண்டு உடைக்குத் தடை இருந்த காலத்தில் அவளைப் பெற்றவள்.